ஓ.டி. கொடுத்த கல்லூரி

"காலேஜ் நமக்கு என்னத்த செஞ்சிச்சு? ஓ.டி. குடுத்திச்சு. வேற என்ன?"

எங்கள் கல்லூரியின் பழைய கால்பந்து கேப்டன் வாட்ஸப்பில் போட்ட குரல்பதிவில் இருந்த வரி இது. ஓ.டி. என்றால் 'ஆன் டியூட்டி', ஆடப் போகிற நாளுக்கும் வருகை போடச் சொல்லும் அனுமதி. பழைய மாணவர் குழுவில் விழா மலர் வேலை நடந்துகொண்டிருந்தது. 'விளையாட்டில் நம் கல்லூரி' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். நான் ஆடியவன் இல்லை. பந்து என் பக்கம் வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற ஆள். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் உடற்கல்வி ஆசிரியரான பி.டி. சாரின் அறையில் பாதி நேரம் கிடந்தவன். ஓ.டி. கடிதம், அணிப் பட்டியல், பல்கலைக்கழகத்துக்குப் போகும் நுழைவுப் படிவம் எல்லாம் என் கையால்தான் எழுதப்பட்டன. அந்தத் தகுதியில் மலர் வேலையும் வந்தது. முதல் வரைவில் "எண்ணற்ற கால்பந்து வீரர்களை உருவாக்கிய கல்லூரி" என்று எழுதிக் குழுவில் போட்டேன். மலர்களில் அப்படித்தானே எழுதுவார்கள். அதற்குத்தான் கேப்டன் அண்ணா அந்தப் பதிலைப் போட்டார். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

நானும் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். முடியவில்லை. அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை இருந்ததுதான் காரணம். கல்லூரியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், களியக்காவிளைக்கும் கடலுக்கும் நடுவே, திருச்சபை நடத்தும் சின்னக் கல்லூரிகள் சில உண்டு. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கல்லூரிகளில் எதைப் பற்றிச் சொன்னாலும் கேப்டன் அண்ணாவின் கேள்வி பொருந்தும். ஆடத் தெரிந்த பையன் பதினேழு வயதில் உள்ளே வருகிறான், மூன்று வருஷம் கல்லூரி ஜெர்சியில் ஆடுகிறான், போய்விடுகிறான். அவனை உருவாக்கினோம் என்று சொல்லிக்கொள்ளக் கல்லூரிக்கு என்ன உரிமை?

மணலும் கால்வாயும்

தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் பொழியைத் தாண்டி மேற்கே போனால் இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊர்கள் இடைவெளியே இல்லாமல் வரும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் திருவிதாங்கூர் ராஜா காலத்தில் வெட்டிய ஏ.வி.எம். கால்வாய். நடுவில் கிடக்கிற நாடா போன்ற நிலத்தில் கோயில், குருசடி, வீடு, பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் இருந்தாக வேண்டும். மைதானத்துக்கு இடம் ஏது? கடற்கரை மணல்தான் மைதானம். வெறும் காலில், புதையும் மணலில், சாயங்காலம் முழுக்க ஆடி வளர்ந்த பையனைப் பாளையங்கோட்டையின் கெட்டித் தரையில் இறக்கிவிட்டால் அவன் ஓடுகிற ஓட்டம் வேறு. எதிர் அணியின் பேக் திரும்புவதற்குள் இவன் கடந்திருப்பான். பூட்ஸ்தான் தொல்லை. எங்கள் அணியில் விங்கில் ஆடிய ஒருவன் முதல் பாதி முழுக்கக் காலைக் கடிக்கிறது என்று புலம்பிக்கொண்டே ஆடுவான். நடுவரிடம் பூட்ஸைக் கழற்ற அனுமதி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ஆகவே பந்தைக் கற்றுக்கொடுத்தது மணல். அணியாக ஆடக் கற்றுக்கொடுத்தது ஊர் கிளப். ஊருக்கு ஊர் கிளப் உண்டு, திருவிழாவுக்குத் திருவிழா டோர்னமென்ட் உண்டு, தோற்றால் ஊருக்குள் தலைகாட்ட முடியாத அளவுக்கு மானப் பிரச்சினையும் உண்டு. பதின்மூன்று வயதிலேயே ஆயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே பெனால்டி அடித்துப் பழகியவனுக்குக் கல்லூரிக்கு வந்து புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எங்கள் கல்லூரி மைதானமோ செம்மண் சரிவு. கிழக்குக் கோலிலிருந்து மேற்குக் கோலுக்கு ஒரு நல்ல சாய்வு உண்டு. டாஸ் ஜெயித்தவன் மேட்டைத்தான் கேட்பான். மழை பெய்தால் கீழ்க் கோலுக்கு முன்னால் முழங்கால் வரை தண்ணீர். பாளை சவேரியார் கல்லூரி 1923இலிருந்து இயேசு சபையார் நடத்திவருவது. அந்த மாதிரி இடத்தோடு எங்களை ஒப்பிடுவதே தப்பு.

அந்தக் கடற்கரை மணலும் இப்போது பல ஊர்களில் இல்லை. கடல் ஏறி வந்து, அரசாங்கம் கல்லைக் கொட்டி, நாங்கள் பார்த்த ஆடுகளங்கள் கறுப்புப் பாறைக் குவியலுக்குக் கீழே போய்விட்டன. இன்று ஆடுகிற பையன்கள் வாடகைக்குப் புல்தரை பிடித்து ராத்திரி வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். சரி, அது தனிக் கதை.

இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்கு ஆடியபோதும், அந்தப் பருவத்தில் ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியபோதும் எங்கள் பக்கத்தில் நடந்த கொண்டாட்டம் எல்லோருக்கும் தெரியும். 2020 நவம்பரில், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போனது. கேரளா பிளாஸ்டர்ஸோடு நடந்த ஆட்டம். அன்று ராத்திரி இங்கே வேறு பேச்சில்லை. மலர்க் குழுவில் ஒருவர், "சூசைராஜ் படத்தைப் போடலாமே" என்றார். "அவர் நம்ம காலேஜா?" என்று கேட்டேன். "பக்கத்து ஊர்தானே" என்றார். 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் மினர்வாவை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் வாங்கிய சென்னை சிட்டி அணியில் ரொமாரியோ ஜேசுராஜ் இருந்தார், அவரும் குமரிக்காரர். அவர் படமும் வேண்டும் என்றார் இன்னொருவர். உருவாக்கினோம் என்ற சொல்லுக்கு இப்படித்தான் பசி எடுக்கும். கொஞ்சம் விட்டால் பீலேவும் நம்ம பங்குதான் என்பார்கள்.

பாலாவும் பாலக்காடும்

கேப்டன் அண்ணா சொன்னது சரியென்று முடிவுகட்டி, அந்த வரியை எடுத்துவிடலாம் என்றிருந்தபோதுதான் இன்னொரு யோசனை வந்து குறுக்கே நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் இதே திருச்சபை நடத்தும் கல்லூரிகள் ஆட்களை உருவாக்கியிருக்கின்றனவே? கேரளத்தில் கோட்டயம் பக்கத்து ஊரான பாலாவில் செயின்ட் தாமஸ் கல்லூரி. வாலிபால் ஜிம்மி ஜார்ஜ் படித்த இடம்; அங்கிருந்து கேரளப் பல்கலைக்கழக அணி, இந்திய அணி, பிறகு இத்தாலி. திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவர் பெயரில் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அதே பாலாவில் அல்போன்சா பெண்கள் கல்லூரி. ஷைனி ஆப்ரஹாம் அங்கே படித்தவர். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 800 மீட்டர் அரையிறுதிக்குப் போனவர். ஒலிம்பிக்கில் அவ்வளவு தூரம் போன முதல் இந்தியப் பெண் அவர்தான். பாலக்காட்டில் மெர்சி கல்லூரி. கண்ணூர் மலைப்பக்கத்து ஒற்றத்தையிலிருந்து அங்கே படிக்க வந்த எம்.டி. வல்சம்மாவின் ஓட்டம் அந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் சூடுபிடித்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 58.47 விநாடியில் தங்கம்.

இவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. தடை ஓட்டம் கடற்கரையில் தானாக முளைக்காது. ஒரு சுற்றில் பத்துத் தடைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 35 மீட்டர் இடைவெளி, காலடிக் கணக்கு தவறினால் முகத்தால் விழ வேண்டியதுதான். அதற்குத் தடைகள் வேண்டும், அளந்த தடம் வேண்டும், ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆள் வேண்டும். மலையோர ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து வந்த பெண்பிள்ளைக்கு அதெல்லாம் ஊரில் கிடைக்காது. கேரளத்தில் ஜி.வி. ராஜா தொடங்கிவைத்த ஸ்போர்ட்ஸ் கவுன்சில் கல்லூரிகளோடு சேர்ந்து விடுதி நடத்தியது. விடுதியில் படுக்கை, முட்டை, பால், காலையில் எழுப்பிவிட ஒரு கோச், கண்டிக்க ஒரு சிஸ்டர். அந்த ஓட்டத்தைக் கல்லூரிதான் கொடுத்தது என்று கூசாமல் சொல்லலாம். கால்பந்துக்கு ஒரு பந்தும் நாலு செருப்பும் போதும். அதை ஊரே கொடுத்துவிடும். அப்படியானால் எங்களைப் போன்ற கல்லூரிக்கு மிச்சமாக என்ன வேலை இருக்கிறது?

எல்லைக் கணக்கு ஒன்றும் இதில் உண்டு. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். அங்கேயும் இதே கடல், இதே மணல், இதே திருவிழா. ஆனால் பொழியூரைச் 'சந்தோஷ் டிராபி கிராமம்' என்றே பத்திரிகைகள் எழுதும். சந்தோஷ் டிராபி மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டி. கேரள அணிக்கு அத்தனை பேரை அனுப்பிய ஊர். 1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு போட்டபோது அந்தப் பக்கம் விழுந்தவன் கேரளத்துக்கு ஆடினான், இந்தப் பக்கம் விழுந்தவன் தமிழ்நாட்டுக்கு. 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்றதில் தொடங்கி 2022 மஞ்சேரி வரை கேரளம் ஏழு முறை சந்தோஷ் டிராபி வாங்கிவிட்டது. தமிழ்நாடு ஒருமுறைகூட இல்லை; 2012இல் இறுதி ஆட்டம் வரை போய்ச் சர்வீசஸிடம் தோற்றது. ஆட்டத்தில் எங்கள் பையன்கள் குறைந்தவர்கள் இல்லை, அதற்கு அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் சாட்சி. வேனிற்காலத்தில் மலப்புறம் பக்கம் கொய்த வயலில் கமுகு மரத்தால் காலரி கட்டி நடக்கிற செவன்ஸில் எங்கள் கல்லூரிப் பையன்கள் இருவர் மூவர் எப்போதும் இருப்பார்கள், சில சமயம் வேறு பெயரில். ஒருமுறை திருநெல்வேலிக்கு என்று ஓ.டி. வாங்கியவன் அரீக்கோட்டில் கோல் அடித்த படம் மலையாளப் பத்திரிகையில் வந்துவிட்டது. நல்லவேளை, எங்கள் தமிழ்த்துறையில் யாரும் மலையாளம் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தோம். எல்லோரும் படிப்பார்கள்.

ஆகஸ்டு

மலருக்காக பி.டி. அறையின் இரும்பு அலமாரியைத் திறந்து பார்க்க அனுமதி வாங்கினேன். கோப்பைகள் இருந்தன. பாதிக் கோப்பைகளில் பெயர்த் தகடு விழுந்துவிட்டிருந்தது. ஒன்றில் விசிலும் சுண்ணாம்புக் கட்டியும் போட்டு வைத்திருந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழக முத்திரையோடு பழைய சான்றிதழ்கள் கொஞ்சம், 1990க்குப் பிறகு மனோன்மணியம் சுந்தரனார் முத்திரையோடு மிச்சம். கரையான் தொடாத ஒரே பொருள் ஓ.டி. கோப்பு. கார்பன் வைத்து எழுதிய நகல்கள், ஊதா மசியில் கல்லூரி முத்திரை, ஓரத்தில் துருப்பிடித்த குண்டூசி. புரட்டிக்கொண்டே போனால் என் கையெழுத்து வந்தது. நிறுத்திப் படித்த கடிதம் கேப்டன் அண்ணாவின் பெயரில் இருந்தது. "பல்கலைக்கழக அணித் தேர்வை முன்னிட்டு நடைபெறும் பயிற்சி முகாம்" என்று நோக்கம் எழுதியிருந்தேன். முகாம் எதுவும் நடக்கவில்லை.

கடற்கரைக் கல்லூரியின் கால்பந்து வருஷம் கடலை வைத்துத்தான் ஓடும். இதைப் பல்கலைக்கழகத்தில் அட்டவணை போடுகிறவர்கள் என்றைக்குமே யோசித்ததில்லை. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையோடு மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் வரும். இப்போது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் அப்பாமார், அண்ணன்மார் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். போட்டு, அதாவது விசைப்படகு, கரையில் கிடக்கும். பையன்கள் முழுநேரமும் பந்தோடு இருப்பார்கள். ஜூலையில் எங்கள் அணியைத் தோற்கடிக்க மாவட்டத்தில் ஆள் கிடையாது. ஆகஸ்டு பிறந்ததும் கொச்சித் துறைமுகமான தோப்பும்படியிலிருந்து போட்டுகள் கிளம்பும். சுறாவுக்குப் பெயர்போன கூட்டம் இது. ஒருமுறை போனால் மாதம் திரும்பும். தடை முடிந்த முதல் ஓட்டத்தில்தான் காசு. அதற்கு ஆள் குறைந்தால் வீட்டில் படிக்கிற பையனைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான எங்கள் சோனல் (மண்டல) ஆட்டமும் ஆகஸ்டில்தான் வரும்.

அந்த வருஷம் கேப்டன் அண்ணாவின் அப்பா ஸ்ராங்காக (படகோட்டும் தலைவராக) இருந்த போட்டில் ஓர் ஆள் குறைந்தது. சித்தப்பா மகன் கல்ஃபுக்குப் போய்விட்டான். அண்ணா இறுதி ஆண்டு. "சாரே, நான் வரல்ல" என்று பி.டி. சாரிடம் சொல்லிவிட்டு ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டார். அணிப் பட்டியல் எழுதுகிறவன் என்ற முறையில் அந்த ஜெர்சியை வாங்கி வைத்தது நான்தான். சார் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர் மலையோரத்துக்காரர், கபடி ஆள். கால்பந்தில் ஆஃப்சைடு விஷயத்தில் கடைசிவரை எங்களோடு தகராறு செய்தவர். கடற்கரை ஊரில் வீடு தேடிப் பிடிக்கத் தெரியாது என்பதால் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்.

வீட்டு வாசலில் அப்பா தூண்டில் கோத்துக்கொண்டிருந்தார். பெரிய பேசின் ஒன்றில் கயிற்றைச் சுருள் சுருளாகப் போட்டு, கொக்கிகளை விளிம்பைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று சிக்காமல் மாட்டுகிற வேலை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவர் கை நிற்கவில்லை, கண்ணும் கொக்கியை விட்டு எழும்பவில்லை. சார் கால்பந்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆட்டம் ஒரு நாள்தான், அன்று ராத்திரியே குழித்துறையில் வண்டி ஏற்றிவிடுகிறேன், விடிந்தால் எர்ணாகுளத்தில் இருப்பான், போட்டு அடுத்த நாள் கிளம்பினால் போதாதா என்று கேட்டார். அப்பா யோசித்துவிட்டு, "அது செரி. திரும்பி வந்தா பரீச்சைக்கு உக்கார விடமாட்டாங்கன்னு அவன் சொல்லுதானே. பின்ன எதுக்கு சாரே படிக்கணும்? இப்பவே நிப்பாட்டிரலாம்" என்றார். எழுபத்தைந்து சதவீத வருகைக் கணக்கு அந்த வீடு வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. சார், "அட்டென்டன்ஸ் என் பாடு. அத நீங்க நினைக்க வேண்டாம்" என்றார்.

மறுநாள் அந்தக் கடிதத்தை நான் எழுதினேன். சாரோடு முதல்வர் அறைக்கும் நானே எடுத்துப் போனேன். முதல்வர் ஃபாதரும் கடப்புறத்தில் பிறந்தவர்தான். ஒவ்வொரு வரியாகப் படித்தார். தேதிகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முகாம் எங்க?" என்றார்.

"மேற்க, ஃபாதர்."

"தண்ணி வசதி உண்டா?"

"அதுக்குக் குறைவில்ல, ஃபாதர்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. ஆட்டத்தில் அரையிறுதியில் டை பிரேக்கரில் தோற்றோம். அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அண்ணா ராத்திரி வண்டி ஏறினார். செப்டம்பரில் கறுத்து, உதடு வெடித்து, கையில் புதுத் தழும்போடு வகுப்புக்கு வந்தார். வருகை எழுபத்தைந்தை எப்படியோ தாண்டியது. தேர்வு எழுதினார், டிகிரி வாங்கினார். அப்புறம் சென்னையில் ஒரு வங்கி அணியில் தேர்வுக்குப் போனபோது, ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட முதல் காகிதம் டிகிரி சான்றிதழ். இன்று அவர் அந்த வங்கியின் அதிகாரி.

இது பொய்க் கடிதம், மறுக்கவில்லை. ஒழுங்காக வகுப்புக்கு வந்து எழுபத்திரண்டு சதவீதத்தில் அபராதம் கட்டிய மாணவன் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனாலும் "ஓ.டி. குடுத்திச்சு, வேற என்ன" என்ற பேச்சை இனிமேல் நான் பழையபடி கேட்க முடியாது. பாலாவிலும் பாலக்காட்டிலும் கல்லூரி தடையையும் தடத்தையும் கொடுத்தது. எங்கள் பையனுக்கு இல்லாமல் இருந்தது நாள். கடலும் பந்தும் பரீட்சையும் ஒரே மாதத்தில் கேட்கிற நாளை எங்கிருந்தோ உண்டாக்கிக் கொடுத்தார்கள். ஆடுகளம் சரிவாக இருந்த ஒரு கல்லூரி விளையாட்டுக்குச் செய்தது அதுதான் என்றால், மலரில் அதைத்தான் எழுத வேண்டும்.

சிவப்புக் கோடு

கார்பன் நகலைப் படம் எடுத்துக் கேப்டன் அண்ணாவுக்குத் தனியாக அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. ராத்திரி கூப்பிட்டார். "இத நீயா எழுதினது?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார். பிறகு, "லே மக்கா, அது சாரு செஞ்சது. ஃபாதர் செஞ்சது. காலேஜ் செஞ்சதுன்னு எழுதாத" என்றார். "அவங்க ரெண்டு பேரும் இல்லாம காலேஜுன்னா எதுண்ணா, அந்தக் கட்டிடமா?" என்று கேட்டேன். "அதுக்குப் பொறவு வந்தவங்க இப்படிச் செஞ்சாங்களா? செஞ்சிருந்தா காலேஜுன்னு எழுது" என்றார். இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கோப்பில் சாரின் கடைசி வருஷத்துக்குப் பிறகு அந்த மாதிரிக் கடிதம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சாரையும் போனில் பிடித்தேன். ஓய்வுபெற்று ரப்பர் வெட்டிக்கொண்டிருக்கிறார். கேப்டன் அண்ணா விஷயத்தை நினைவுபடுத்தினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதில் நிற்கவே இல்லை. வேறு பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். நல்ல கீப்பர் ஒருவன், இரண்டு காலாலும் அடிக்கிற பேக் ஒருவன். ஆகஸ்டில் போட்டில் ஏறியவர்கள், திரும்பி வரவில்லை, அதாவது வகுப்புக்கு. "அவன் வீட்டுக்கும் போனேன். கடன் இருந்திச்சு, ஒண்ணும் நடக்கல்ல" என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தார். பழைய வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களைத் தேடினால் ஆகஸ்டிலிருந்து நேராக ஒரு சிவப்புக் கோடு போகும். அவ்வளவுதான் பதிவு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்துபோன பிறகு ஊர்களில் ஒட்டிய படங்களில் அந்தக் கோட்டுக்காரர் ஒருவரின் முகத்தைப் பார்த்ததாகச் சார் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பெண்களைப் பற்றியும் கேட்டேன். என் வரைவில் அவர்களுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஓ.டி. கோப்பில் பெண்பிள்ளைகள் பெயர் வரும் இடமெல்லாம் தடகளமோ கோ-கோவோதான். எனக்கு நினைவிருக்கிறவரை அதில் கடற்கரை ஊர்ப் பெண்கள் அரிது. ஆணுக்குக் கிடைத்த மணல் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. வல்சம்மாவுக்கும் ஷைனிக்கும் கிடைத்த மாதிரி ஒரு விடுதியாவது எங்களிடம் இருந்திருந்தால் என்று சொன்னதற்குச் சார், "கேட்டோம்லா. எத்தனையோ தடவை எழுதிக் கேட்டோம்" என்றார். அந்தக் கடிதங்களின் நகல் அலமாரியில் இல்லை.

இரண்டு பக்கம் ஐந்து பக்கமாகிவிட்டது. பொய்க் கடிதக் கதையை எடுத்துவிடச் சொன்னார்கள். மலரை ஆயர் வெளியிடப்போகிறார், அவர் கையில் இப்படி ஒன்றைக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். எடுத்துவிட்டேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். 'உருவாக்கிய' என்ற வரியும் போனது. பதிலுக்கு, டிகிரி முடித்தவர், முடிக்காதவர் என்று பிரிக்காமல் கல்லூரி ஜெர்சி போட்ட எல்லோர் பெயரும் ஊரோடு வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். பட்டியலைச் சரிபார்க்கக் கேப்டன் அண்ணாவுக்கு அனுப்பினேன். வள்ளவிளைக்காரர் இரண்டு பேரை விட்டுவிட்டேனாம், மார்த்தாண்டன்துறைக் கீப்பரின் பெயரில் எழுத்துப் பிழையாம், தன் பெயருக்கு எதிரே 'கேப்டன்' என்று போட்ட வருஷம் தப்பாம். அந்த வருஷம் பாதியில்தான் அவர் கேப்டன் ஆனார், அதற்கு முன்னால் இருந்தவன் ஆகஸ்டில் போட்டு ஏறிவிட்டான், அவன் பெயரைப் போடு என்றார்.